சைக்கிளுக்குச் சாலையில் இடம் கொடு!

வருஷந்தோறும் ஜூன் 5ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. பெரிய மனிதர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு கார், பின்னால் நான்கு கார். மரக்கன்று ஒன்று நடுகிறார்கள்; போட்டோ பிடிக்கிறார்கள். காற்றைக் காப்பாற்றுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்கிறார்கள். பிறகு அதே கார்களில் ஏறிப் புகையைக் கக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்தப் பந்தலைத் தாண்டி, ஹாண்டில்பாரில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு பகல் ஷிப்டுக்குப் போகிறார் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. கேரியரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வயலிலிருந்து திரும்புகிறார் ஒரு விவசாயத் தொழிலாளி. இவர்களுக்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. ஆனால் அன்றைய தினம் ஊர்க் காற்றை ஒரு துளியும் கெடுக்காமல் வேலைக்குப் போய் வந்தவர்கள் இவர்கள்தான்.

காற்றைப் பற்றிப் பேசும் யோக்கியதை யாருக்கு உண்டு? நாம் இந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

பெட்ரோல் கணக்கு

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆலைக்கும் வீட்டுக்கும் 6 கிலோ மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 12. மாசத்தில் 25 நாள் வேலை என்றால் 300 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு மாசம் 6 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாசம் 600 ரூபாய்; வருஷத்துக்கு 7,200 ரூபாய். இதற்கு மேல் தவணைப் பணம், வட்டி, இன்ஷ்யூரன்ஸ், ஆயில், ரிப்பேர். ஒரு வருஷப் பெட்ரோல் பணத்தில் சாதாரண சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம். அந்தச் சைக்கிள் பல வருஷம் உழைக்கும். பஞ்சர் ஒட்டினால் போதும். வருஷத்துக்கு ஒரு முறை ஓவராயில் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றினால் போதும்.

இனிக் காற்றின் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. "பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, புகை எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெட்ரோலில் உள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே எடை கூடிவிடுகிறது. நம் கணக்கில் மாசம் 6 லிட்டர் என்றால் வருஷம் 72 லிட்டர். 165 கிலோ கரியமில வாயு. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் அத்தனை பேரும் இப்படி வந்து போனால் வருஷத்துக்கு 165 டன். அதே ஆயிரம் பேர் சைக்கிளில் வந்து போனால் குழாய்ப் புகை என்பதே கிடையாது.

சைக்கிளைப் போலச் சிக்கனமான யந்திரம் வேறு இல்லை. நடந்து போகிறவர் செலவிடும் அதே பலத்தைக் கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவர் மூன்று மடங்கு தூரம் போய்விடுகிறார். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு நாட்டில் யுத்தம் மூண்டால் இங்கே நம் சட்டைப்பை கிழிகிறது. சைக்கிளுக்கு அந்தக் கவலை இல்லை. அது நாம் சாப்பிட்ட சோற்றில் ஓடுகிறது.

யார் விட்ட புகை, யார் தலையில் வெயில்?

கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. ஆனால் போர்வையைப் போலப் பூமியைச் சுற்றிக்கொண்டு உஷ்ணத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. 1958ம் வருஷம் இதை அளக்க ஆரம்பித்தபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் இது 315 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து மிக உஷ்ணமான வருஷம் 2024 என்று உலக வானிலை ஸ்தாபனம் அறிவித்தது.

இந்த உஷ்ணம் யாரைச் சுடுகிறது? குளிர்ச்சி அறையில் உட்கார்ந்திருப்பவரையா? நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணைச் சுடுகிறது. கரும்பு வெட்டுகிறவரைச் சுடுகிறது. தகரக் கொட்டகைக்குள் தறி ஓட்டுகிறவரைச் சுடுகிறது. கடல் சூடேறச் சூடேற, பல நாள் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டும் ஆபத்தும் கூடுகிறது. 2023ம் வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தீர்த்ததை மறக்க முடியுமா? தாமிரவருணிக் கரையில் வீடும் மாடும் பயிரும் இழந்தவர்கள் யார்? உழைப்பாளி மக்களே.

புகையை ஜாஸ்தியாக விடுகிறவர்கள் யார் என்பதற்கும் கணக்கு உண்டு. உலக ஜனத்தொகையில் மேல்தட்டில் உள்ள பத்தில் ஒரு பங்கினர், மொத்தப் புகையில் ஏறக்குறைய பாதிக்குப் பொறுப்பாளிகள். கீழே உள்ள பாதி ஜனங்கள் அத்தனை பேரும் சேர்ந்து விடுவது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான். 2022ம் வருஷ உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை இதைச் சொல்கிறது. ஆகவே, "தொழிலாளியே, உன் மோட்டார் சைக்கிளை விட்டுவிடு, பூமி பிழைத்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், முதலில் உன் காரை விடு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அப்படியானால் நாம் ஏன் சைக்கிளைப் பற்றிப் பேச வேண்டும்? பஞ்சாலைக்குள் எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துவிட்டு வெளியே வந்தால் சாலையில் புகையைச் சுவாசிக்கிறோம். அந்த நுரையீரல் நம்முடையது. பெட்ரோலுக்குப் போகும் 600 ரூபாய் நம் கூலியிலிருந்து போகிறது. சைக்கிளில் போகிறவர் லாரிச் சக்கரத்தில் சிக்கினால் சாகிறவர் நம்மவர். ஆகவே இது நம் பிரச்னை.

ஏழை வாகனம் என்ற ஏளனம்

ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருப்பதே கௌரவம். அதற்கு முனிசிபாலிடியில் வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். இன்றைக்கோ, சைக்கிளில் போனால் "இன்னுமா சைக்கிள்?" என்று கேட்கிறார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கூட வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா என்று பார்க்கிறார். ஆனால் வசதி படைத்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், எங்கும் நகராத சைக்கிளின் மேல் உட்கார்ந்து பெடல் மிதிக்கிறார்கள்! நாம் மிதித்தால் ஏழ்மை. அவர்கள் மிதித்தால் ஆரோக்கியம்.

சைக்கிளுக்கும் உழைப்பாளி மக்கள் இயக்கத்துக்கும் உள்ள உறவு பழையது. 1894ம் வருஷம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துச் சோஷலிஸ்டுகள் ஒரு சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். "கிளாரியன்" என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். 1896ல் ஜெர்மன் தொழிலாளர்கள் தங்கள் சைக்கிள் சங்கத்துக்கு "ஒற்றுமை" என்று பெயரிட்டார்கள். 1933ல் நாஜிகள் அதைத் தடை செய்தார்கள். கொடுங்கோலனுக்குச் சைக்கிள் சங்கமும் பயமூட்டியிருக்கிறது!

1954ல் வியட்நாமில் தியன் பியன் பூ யுத்தத்தின்போது, ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அரிசியும் வெடிமருந்தும் ஏற்றி மலைப் பாதைகளில் தள்ளிக்கொண்டே போனார்கள் ஜனங்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் பாரம். ஆகாய விமானம் வைத்திருந்த பிரெஞ்சு ராணுவம் அங்கே தோற்றது.

வெகு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991ல் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது, கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், பால்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பார் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம், அதுவும் சௌகரியம்தான் என்றார்கள். ஆரம்பத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. பெண்கள் பொருட்படுத்தவில்லை. பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அப்பனையும் புருஷனையும் அண்ணனையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, தண்ணீர் எடுப்பதும் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதும் தன் கையில் என்று ஆனபோது, அந்தப் பெண்களின் நடையே மாறிவிட்டது.

பின்னர் 2001ல் தமிழகத்தில் தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களின் பெண் குழந்தைகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு அது மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. 2006ல் பீஹார் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தது. அதனால் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகரித்ததாக ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இரண்டு சக்கரம் ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதை ஏழை வாகனம் என்று ஏளனம் செய்கிறவர் எதைக் கண்டார்?

யாருக்காகப் போட்ட சாலை?

2011ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில், யார் எதில் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நூறு பேரில் இருபத்திரண்டு பேருக்கு மேல் நடந்து போகிறார்கள். பதின்மூன்று பேர் சைக்கிளில் போகிறார்கள். காரில் போகிறவர்கள் மூன்று பேர்கூட இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. விவசாயத் தொழிலாளியையும் குடியானவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை! அவர்களையும் சேர்த்திருந்தால் காலும் சைக்கிளும் எத்தனை பேரைச் சுமக்கின்றன என்பது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள்கள் பெருகியிருப்பது வாஸ்தவம். ஏன் பெருகின? ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு நாலு வழிச் சாலை போடுகிறார்கள். நடுவே சுவர். எதிர்ப்பக்க வயலுக்குப் போகச் சைக்கிள்காரர் இரண்டு கிலோ மீட்டர் சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒதுங்க மண் பாதைகூட இல்லை. லாரியும் சொகுசு பஸ்ஸும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது சைக்கிள் ஆடுகிறது. பயந்துபோய், கடன் வாங்கியாவது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். ஜனங்கள் சைக்கிளைக் கைவிட்டார்கள் என்று சொல்லுகிறார்கள். சாலைதான் சைக்கிளைத் துரத்தியது என்று நாம் சொல்லுகிறோம்.

2022ம் வருஷத்தில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பாதசாரிகள் 32,000க்கு மேல். சைக்கிளில் போனவர்கள் 4,800க்கு மேல். யாரையும் இடித்துக் கொல்ல வலுவில்லாதவர்கள் இத்தனை பேர் இடிபட்டுச் செத்திருக்கிறார்கள்.

கல்கத்தாவில் நடந்ததைக் கேளுங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி 2008ல் சில சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். 2013ல் அந்தத் தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. பால்காரர், பத்திரிகை போடுகிறவர், சாமான் கொண்டுபோகிறவர் எல்லோரும் அபராதம் கட்டினார்கள். காருக்குத் தடை இல்லை, புகைக்குத் தடை இல்லை, சைக்கிளுக்குத் தடை! எந்த ஆட்சியில் ஆரம்பித்தது, எந்த ஆட்சியில் விரிந்தது என்பதல்ல இங்கே கேள்வி. யார் செய்தாலும் அது அநியாயமே.

வரியைப் பாருங்கள். 2019 ஆகஸ்டிலிருந்து மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5 ரூபாய். அது கோடி ரூபாய்க் காரானாலும் 5 தான். தொழிலாளியின் சைக்கிளுக்கோ 12 ரூபாய். 2025 செப்டம்பர் 22ந் தேதிதான் சைக்கிளுக்கும் 5 என்று குறைத்தார்கள். ஆறு வருஷம் இந்த அநீதி நீடித்தது. எரிபொருளே கேட்காத வண்டிக்கு வரி எதற்கு என்று நாம் கேட்கிறோம்.

சைக்கிள் செய்கிற தொழிலாளியின் கதை என்ன? உலகத்தில் சைக்கிள் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்தபடி நம் நாடுதான். ஜூன் 3ந் தேதியை உலக சைக்கிள் தினம் என்று 2018ல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. 2020ம் வருஷம் அதே ஜூன் 3ந் தேதி, டில்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்தில் அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தொழிலாளர்கள், கேட்டில் ஒட்டியிருந்த லே-ஆப் நோட்டீசைப் படித்தார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான், ஊரடங்கில் ரயிலும் பஸ்ஸும் ஓடாமல், வெளிமாநிலத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் சைக்கிள் மிதித்துத் தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சர்க்கார் கைவிட்ட நேரத்தில் சைக்கிள் கைவிடவில்லை. அந்தச் சைக்கிளைச் செய்தவர்களை முதலாளி கைவிட்டார்.

பிற நாட்டு அனுபவம்

ஹாலந்து தேசத்தில் நாலு பிரயாணத்தில் ஒன்று சைக்கிளில் நடக்கிறது. அது அந்த ஊர் வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. யுத்தத்துக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகிச் சைக்கிளைத் துரத்தியது. 1971ம் வருஷம் ஒன்றில் மட்டும் 3,000க்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400க்கு மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதே இயக்கத்தின் பெயர். சாலையை மறித்தார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சர்க்காரே உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் தனிச் சைக்கிள் பாதைகள் பரவின. கேட்டுப் பெற்ற பாதை அது, தானாக வந்ததல்ல.

கியூபாவின் அனுபவம் வேறு பாடம் சொல்லுகிறது. சோவியத் யூனியன் சிதறியபோது அங்கே எண்ணெய் வரத்து நின்றது. அமெரிக்க முற்றுகை கழுத்தை நெரித்தது. 1990களின் ஆரம்பத்தில் சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களைத் தருவித்து ஜனங்களிடம் கொடுத்தார்கள். நாடு நின்றுபோகவில்லை. ஆனால் பிற்பாடு கொஞ்சம் எண்ணெய் வந்ததும் சைக்கிள்கள் குறைந்தன. பட்டினியோடு மிதித்த ஞாபகம் ஜனங்களுக்கு இருந்தது. கஷ்டத்துக்காக மட்டும் ஏறிய சைக்கிளிலிருந்து ஜனங்கள் இறங்கிவிடுவார்கள். நல்ல பாதையும், நல்ல கூலியும், மரியாதையும் இருந்தால் விரும்பி ஏறுவார்கள். சைக்கிளுக்காகப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சில தோழர்கள் கேட்பார்கள்

"நைட் ஷிப்ட் முடித்துக் கண் சொருகி வருகிறோம், இருபது கிலோ மீட்டர் மிதிக்கச் சொல்லுகிறீர்களா?" என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. இருபது கிலோ மீட்டருக்கு பஸ் வேண்டும். வேலை நேரத்துக்கு ஏற்ற பஸ் வேண்டும். அந்த பஸ் நிறுத்தம்வரை மூன்று கிலோ மீட்டர் போகச் சைக்கிள் வேண்டும். அங்கே பூட்டி வைக்க இடம் வேண்டும். பஸ்ஸும் சைக்கிளும் அண்ணன் தம்பி.

"நாள் பூராவும் சேற்றில் குனிகிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு?" அதுவும் நியாயமே. வயல்காட்டில் உழைப்பவருக்கு ஆரோக்கியப் பிரசங்கம் தேவையில்லை. அவருக்குச் சைக்கிள் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. 6 கிலோ மீட்டர் நடக்க ஒன்றேகால் மணி. சைக்கிளில் இருபத்தைந்து நிமிஷம். வயலுக்குப் போகும்போது ஐம்பது நிமிஷம், திரும்பும்போது ஐம்பது நிமிஷம் மிச்சம். பெண்களுக்கு அந்த நேரம் எவ்வளவு பெரிது என்று கேட்டுப் பாருங்கள். நாள் பூராவும் ரிங் பிரேம் பக்கத்தில் நிற்பவருக்கும், மேஜையில் குனிந்து தைப்பவருக்கும் கொஞ்சம் மிதிப்பது உடம்புக்கு நல்லதுதான்.

"மின்சார மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதே?" வரட்டும். பெட்ரோலைவிட அது மேல். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து எடுப்பது. விலையும் நம் கைக்கு எட்டுவதில்லை. அது வருகிறது என்று சொல்லிச் சைக்கிள் பாதையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் வாங்கிய தொழிலாளியை நாம் குற்றம் சொல்லவில்லை. போக்கிடம் இல்லாமல் வாங்கினார். பக்கத்து வேலைக்குப் பயமில்லாமல் சைக்கிளில் போகும் வழி இருந்தால், அந்த 600 ரூபாயைக் குழந்தைக்குப் பாலாகவும் புத்தகமாகவும் மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியும்.

வழியில் அடிபட்டால்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியது அவசியம். வேலைக்குப் போகும் வழியில், அல்லது திரும்பும் வழியில் அடிபட்டால் நிர்வாகம் கையை விரித்துவிடும். "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். 2010ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். வீட்டுக்கும் வேலை ஸ்தலத்துக்கும் இடையே நடக்கும் விபத்து, நேரமும் இடமும் சந்தர்ப்பமும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலையில் ஏற்பட்ட விபத்தாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். 2020ம் வருஷச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு உண்டு. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும், ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் தொடுத்த வழக்கில், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே விபத்து நடந்தால் உடனே போலீசில் எழுதி வையுங்கள், பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

இருட்டில் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. அப்படிப்பட்ட விபத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் கொடுக்கும் திட்டம் 2022 ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்தது. இதற்கு ஈ.எஸ்.ஐ. கார்டு தேவையில்லை. விவசாயத் தொழிலாளியும் தாலுகா ரெவின்யூ அதிகாரிகளிடம் மனுப் போடலாம். தெரியாத காரணத்தால் எத்தனையோ குடும்பங்கள் மனுப் போடாமலேயே இருந்துவிடுகின்றன.

நாம் கேட்பது என்ன?

காகிதத்தில் நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. வண்டிகளை அல்ல, மனிதர்களைக் கொண்டுசெல்வதே நோக்கம் என்று 2006ம் வருஷத் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று 2014ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. நாட்டிலேயே முதன்முதல் என்று பெருமையும் பேசினார்கள். சென்னைத் தெருவில் சைக்கிளில் போய்ப் பாருங்கள், அந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே நாம் கேட்பவை இவை:

1. ஆலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் போகும் சாலைகளில், லாரி ஏற முடியாதபடி திண்டு கட்டித் தனிச் சைக்கிள் பாதை போட வேண்டும். முதல் பாதை தொழிலாளி போகும் சாலையில் போடப்பட வேண்டும். கடற்கரைக் காட்சிச் சாலையில் அல்ல.

2. நாலு வழிச் சாலை ஊரைப் பிளக்கும் இடங்களில் எல்லாம் சைக்கிளும் மாடும் ஆளும் கடக்கச் சுரங்கப் பாதை வேண்டும். வயலுக்குப் போகும் வண்டிப் பாதைகளைச் செப்பனிட்டு விளக்குப் போட வேண்டும்.

3. ஒவ்வொரு ஆலையிலும் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். காற்றடிக்கும் பம்பும் இருக்க வேண்டும். கட்டணம் கூடாது. அதிகாரிகளின் காருக்குப் பந்தல் போடும் நிர்வாகத்துக்கு இது பெரிய செலவல்ல.

4. தபால்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மத்திய சர்க்கார் சைக்கிள் அலவன்ஸ் கொடுத்துவந்தது. 2017 ஜூலையில் அதை மாசம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்த்தியது. அதைப் போல ஆலைத் தொழிலாளிக்கும் சைக்கிள் அலவன்ஸ் வேண்டும். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் இதையும் சேர்க்க வேண்டும்.

5. சைக்கிளுக்கும் டயர், டியூப், உதிரிச் சாமான்களுக்கும் வரியே கூடாது. விவசாயத் தொழிலாளர் குடும்பப் பெண்களுக்கு வட்டியில்லாத கடனில் சைக்கிள் வேண்டும்.

6. பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் சைக்கிளுக்குக் கட்டணமில்லாத ஸ்டாண்டு வேண்டும். எந்த ஊரிலும் எந்தச் சாலையிலும் சைக்கிளைத் தடை செய்யக் கூடாது.

இவற்றில் ஒன்றுகூட எட்டாக்கனி அல்ல. ஒரு மேம்பாலத்தின் செலவில் எத்தனையோ சைக்கிள் பாதை போடலாம். மனசு இருக்க வேண்டும். அந்த மனசை உண்டாக்கும் பலம் நம்மிடம் இருக்க வேண்டும்.

தோழர்களே! ஆலை வாசல் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கிராம சபை கூடும்போது தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்கள் ஊரிலிருந்து ஆலைக்கும் வயலுக்கும் போகும் வழியில் சைக்கிள்காரர் விழுந்த இடம் எது, விளக்கில்லாத இடம் எது, கடக்க முடியாத இடம் எது என்று எழுதிக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கோடு, நூறு சைக்கிளில் போய் பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மணி அடியுங்கள். நூறு மணியும் ஒன்றாக அடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

சாலை, ஜனங்களின் வரிப் பணத்தில் போட்டது. தீப்பெட்டி வாங்கினாலும் உப்புப்போட்ட பண்டம் வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள் நாம். அந்தச் சாலையில் உயிருக்குப் பயமில்லாமல் வேலைக்குப் போய், உயிரோடு வீடு திரும்ப நமக்கு உரிமை உண்டு. புகை விடாமல் போகிறவருக்கு முதல் இடம், அதுவே நியாயம். அந்த இடத்தைக் கேட்டு வாங்குவோம்!